உயிர் காத்த சிகிச்சையும் நலிந்த என்பும்: புரொஸ்டேற் புற்றுநோய் ஓமோன் சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடித்தவரின் பெயர், கண்டுபிடித்த ஆண்டு, பெற்ற பரிசு என்பன வரிசைப்படுத்தப்படுகின்றன. ஒரு சிகிச்சை நோயாளியின் உடலில் வேறு என்ன செய்தது, அதனை மருத்துவ உலகம் எப்பொழுது அறிந்து கொண்டது, அறிந்த பின்னர் எவ்வளவு விரைவாகச் செயற்பட்டது ஆகிய வினாக்கள் இவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆயின் ஒரு துறையின் உண்மை இயல்பை அறிய விழைவோருக்கு அதன் வெற்றிகளைப் போலவே அதன் தாமதங்களும் பயன்படும். புரொஸ்டேற் சுரப்பியிற் தோன்றும் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் ஓமோன் சிகிச்சையும், அச்சிகிச்சையினால் என்புகள் நலிவுறுவதும் இவ்வகையில் ஆராயத்தக்க சிறந்த எடுத்துக்காட்டாகும்.

1941: இரு நகரங்கள், இரு கண்டுபிடிப்புகள்

புரொஸ்டேற் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறிய சுரப்பி. விதைகளை அகற்றினால் இச்சுரப்பி சுருங்கும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஸ்கொத்லாந்து உடற்கூற்றறிஞர் ஜோன் ஹன்ரர் விலங்குகளில் அவதானித்திருந்தார். ஆயினும் இவ்வவதானம் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

சிக்காக்கோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் சாள்ஸ் ஹகின்ஸ், நாய்களின் புரொஸ்டேற் சுரப்பியை ஆராய்ந்து, அதன் வளர்ச்சியும் சுரப்பும் ஆண் ஓமோனாகிய ரெஸ்ரோஸ்ரெரோனிலே தங்கியுள்ளன என நிறுவினார். 1941ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சகாக்களும் தமது முடிவுகளை வெளியிட்டனர். முற்றிய புரொஸ்டேற் புற்றுநோயுற்ற 21 நோயாளருக்கு விதைகளை அகற்றியபோது, அவர்களுட் பலரின் வலி தணிந்தது, உடல் தேறியது. அமில பொசுபற்றேசு எனும் நொதியத்தின் அளவு குருதியிற் குறைந்தமை இம்முன்னேற்றத்தை இரசாயன முறையாலும் உறுதிசெய்தது. அதுவரை புற்றுநோய்க் கலங்கள் உடலின் கட்டுப்பாடு எதற்கும் அடங்காதவை எனக் கருதப்பட்டிருந்தன. அவையும் ஓமோனுக்குக் கட்டுப்படக் கூடும் என்பதைக் காட்டிய இவ்வாய்வுக்காக 1966ஆம் ஆண்டில் ஹகின்சுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அதே 1941ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரின் மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த ஃபுல்லர் ஓல்பிறைற் என்பாரும் அவருடைய சகாக்களும் மற்றொரு கட்டுரையை வெளியிட்டனர். முள்ளந்தண்டென்புகள் நொய்ந்து உடைந்த நிலையில் அவரிடம் வந்தோருட் பெரும்பான்மையினர் மாதவிடாய் நின்றுவிட்ட பெண்கள். சூலகம் ஈஸ்திரசனைச் சுரக்காது ஓய்வதே என்பு நலிவுக்கு ஏதுவாகின்றது என்று அவர் முடிவு செய்தார். பாலோமோனுக்கும் என்பின் வலிமைக்கும் இடையிலான உறவு இவ்வாறு மருத்துவ உலகின் முன் வைக்கப்பட்டது.

சிக்காக்கோவிற் பெறப்பட்ட முடிவு, பாலோமோனை உடலிலிருந்து நீக்கினால் புற்றுநோய் தணியும் என்பது. பொஸ்ரனிற் பெறப்பட்ட முடிவு, பாலோமோன் உடலிலிருந்து நீங்கினால் என்பு நலியும் என்பது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், விதை அகற்றப்பட்ட ஆணின் என்புகளுக்கு யாது நேரும் என்ற வினா இயல்பாகவே எழும். எனினும் அவ்வினா நோயாளரை முறையாக அளந்து ஆராயும் அளவிற்கு எழுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

மௌனத்தின் காரணங்கள்

இத்தாமதத்தைத் தனிமனிதர் எவரதும் கவனயீனம் என்று கூறி அமைதல் வரலாற்று நோக்கிற்கு ஒவ்வாது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன.

முதலாவது காரணம் நோயாளரின் ஆயுள். 1940களில் இச்சிகிச்சையைப் பெற்றோர் நோய் முற்றிய நிலையில், தாங்கொணா வலியோடு வந்தவர்கள். அவர்களுட் பலர் சில ஆண்டுகளே வாழ்ந்தனர். என்பு நலிவோ மெல்ல மெல்ல நிகழ்வது. அதன் விளைவு வெளிப்படுமுன்னரே நோயாளர் மறைந்தனர்.

இரண்டாவது காரணம் நோயின் இயல்பு. புரொஸ்டேற் புற்றுநோய் பரவும்போது முதன்மையாக என்புகளையே நாடுகின்றது. ஆகவே இந்நோயாளருக்கு முதுகிலோ இடுப்பிலோ வலி ஏற்பட்டால், அது நோய் பரவியதன் அறிகுறி எனக் கொள்வதே வழக்கமாயிற்று. மேலும் இப்பரவல் என்பைப் பெரும்பாலும் அடர்த்தியுறச் செய்வது. கதிர்ப்படத்தில் அவ்விடங்கள் வெண்மையாகத் தோன்றும். என்பு தடித்துத் தோன்றும் ஒரு நோயில் என்பு மெலிதலைத் தேட எவருக்கும் எண்ணம் எழாமையில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் அளவு கருவி இன்மை. சாதாரண கதிர்ப்படத்தில் என்பு நலிவு புலப்பட வேண்டுமாயின் அதன் கனிப்பொருளில் ஏறத்தாழ 30 சதவீதம் இழக்கப்பட்டிருத்தல் வேண்டும். முள்ளந்தண்டு, இடுப்பு ஆகிய இடங்களின் அடர்த்தியை நுணுக்கமாக அளக்கவல்ல இரட்டைக் கதிர் அளவீட்டுக் கருவி 1980களின் பிற்பகுதியிலேயே வழக்கிற்கு வந்தது. அளக்க இயலாததை அறிவியல் காண்பதில்லை.

நான்காவது காரணம் கருத்து நிலை சார்ந்தது. ஓல்பிறைற்றின் கண்டுபிடிப்பு என்பு நலிவை மாதவிடாய் நின்ற பெண்களின் நோயாக மருத்துவ மனத்திற் பதித்தது. 1994ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு என்பு நலிவுக்கு வகுத்த அளவுகோலும் பெண்களிடமிருந்து பெற்ற தரவுகளையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. சிறுநீரகவியல் நிபுணர் ஆணின் புரொஸ்டேற்றை நோக்கினார். ஓமோனியல் நிபுணர் பெண்ணின் என்பை நோக்கினார். இருவரும் ஒரே வைத்தியசாலையின் இரு வேறு மாடிகளிற் பணியாற்றியிருக்கலாம். ஆயினும் ஆணின் என்பு இருவர் பார்வையிலும் படாது போயிற்று.

ஈஸ்திரசன் தந்த மறைமுகக் காவல்

இம்மௌனம் நீடித்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. விதைகளை அகற்றுஞ் சத்திரசிகிச்சையை ஏற்க மனமில்லாத நோயாளருக்கு ஹகின்ஸ் மாற்று வழியொன்றையுங் கண்டார். இலண்டனில் சாள்ஸ் டொட்ஸ் குழுவினர் 1938ஆம் ஆண்டில் ஆக்கிய டைஎதைல்ஸ்ரில்பெஸ்ரரோல் எனும் செயற்கை ஈஸ்திரசனை வாய்வழி கொடுத்தால், அது கபச்சுரப்பியை அடக்கி, விதைகளின் சுரப்பையும் ஒடுக்கும். விலை குறைந்த இம்மருந்து பல்லாண்டுகள் பரவலாக வழங்கப்பட்டது.

இம்மருந்து ஆண் ஓமோனை ஒடுக்கியபோதிலும் ஈஸ்திரசன் ஆகையால் என்பிற்கு ஓரளவு காவலாகவும் அமைந்தது. எவரும் எண்ணிச் செய்த ஏற்பாடன்று இது. 1995ஆம் ஆண்டில் சுவீடனில் வெளியான ஓர் ஆய்வு, விதை அகற்றப்பட்டோரின் இடுப்பென்பு பெரிதும் நலிந்திருந்தமையையும், ஈஸ்திரசன் பெற்றோரிடம் அவ்விழப்பு மிகச் சிறிதாக இருந்தமையையும் காட்டிற்று. அக்காலத்திலே இம்மருந்தின் வழக்கு மறைந்து கொண்டிருந்தது.

அது மறைந்தமைக்குக் காரணம் இதயம். அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகள் கூட்டாக நடாத்திய ஆய்வின் முடிவுகள் 1967ஆம் ஆண்டில் வெளியாயின. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வீதம் இம்மருந்தைப் பெற்றோரிடையே இதய, குருதிக்குழாய் நோய்களால் ஏற்பட்ட மரணங்கள் மிகுந்திருந்தன. புற்றுநோயாற் சாவோர் தொகை குறைந்தும், மொத்தத்திற் பயன் கிட்டவில்லை. ஆகவே ஈஸ்திரசனைத் தவிர்க்கும் வழி தேடப்பட்டது.

கபச்சுரப்பியை நோக்கிய மாற்றம்

அவ்வழி மூளையின் அடிப்பகுதியிலிருந்து வந்தது. பரிவகக்கீழ்ப் பகுதி சுரக்கும் ஓர் ஓமோன் கபச்சுரப்பியைத் தூண்டி, அதன் வாயிலாக விதைகளை இயக்குகின்றது. அன்ட்ரூ ஷாலி, றொஜர் கியேமான் ஆகிய இருவரின் குழுக்கள் போட்டியிட்டு ஆராய்ந்து இவ்வோமோனின் அமைப்பை 1971ஆம் ஆண்டில் வெளிப்படுத்தின. 1977ஆம் ஆண்டில் இருவரும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இவ்வோமோனை ஒத்த செயற்கைப் பொருளை இடைவிடாது செலுத்தினால் கபச்சுரப்பி முதலிற் தூண்டப்பட்டுப் பின்னர் சோர்ந்து அடங்குகின்றது. ரெஸ்ரோஸ்ரெரோன் அளவு விதை அகற்றப்பட்டோரின் அளவிற்கு இறங்குகின்றது. லூப்றொலைட் எனும் இவ்வகை மருந்து டைஎதைல்ஸ்ரில்பெஸ்ரரோலுக்கு நிகரான பயனை, பக்க விளைவுகள் குறைந்த நிலையில் அளிக்கின்றது என 1984ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 1985இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

கத்தியும் வேண்டா, இதயத்திற்கு ஈஸ்திரசனால் விளையும் ஆபத்தும் இல்லை. இதனால் ஓமோன் சிகிச்சை பெறுவோர் தொகை பெருகிற்று. குருதியிற் புரொஸ்டேற்றுக்குரிய புரதத்தை அளக்கும் சோதனையும் இக்காலத்திலே பரவியமையால் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 1997ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலே பொல்லா என்பாரின் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு, கதிர்ச்சிகிச்சையோடு மூன்றாண்டு ஓமோன் சிகிச்சையையும் சேர்த்தளித்தால் ஐந்தாண்டின் பின் உயிருடனிருப்போர் 62 சதவீதத்திலிருந்து 79 சதவீதமாக உயர்வதைக் காட்டிற்று. இது பெருஞ் சாதனையே.

ஆயினும் இம்மாற்றத்தின் மறுபுறம் ஒன்றுண்டு. ஆணின் உடலிலுள்ள ஈஸ்திரசன் பெரும்பாலும் ரெஸ்ரோஸ்ரெரோனிலிருந்தே உருவாகின்றது. புதிய மருந்து ரெஸ்ரோஸ்ரெரோனை ஒடுக்கியபோது ஈஸ்திரசனும் உடன் ஒடுங்கிற்று. முன்னைய மருந்து தன்னையறியாது அளித்த காவல் நீங்கியது. அதே வேளையில் சிகிச்சைக்குட்பட்டோர் நீண்ட காலம் வாழவுந் தலைப்பட்டனர். ஹகின்சின் நோயாளர் காணாத விளைவை இவர்கள் காண நேர்ந்தது.

எண்கள் பேசத் தொடங்கிய காலம்

விதை இழந்த ஆண்களின் என்பு நலிகின்றது என்பதை 1989ஆம் ஆண்டில் பிராக் நகர ஆய்வாளர் ஸ்டெப்பான் முதலானோர் அளந்து காட்டினர். அவர்கள் ஆராய்ந்தோர் புற்றுநோயாளர் அல்லர். வேறு காரணங்களால் விதை அகற்றப்பட்டவர்கள். 1997ஆம் ஆண்டில் ஹரி டானியல் எனும் அமெரிக்க மருத்துவர், புரொஸ்டேற் புற்றுநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, விதை அகற்றப்பட்டோரில் 13.6 சதவீதத்தினருக்கும் ஏனையோரில் 1.1 சதவீதத்தினருக்கும் என்பு நலிவால் முறிவு ஏற்பட்டமையை எடுத்துக்காட்டினார். 1999ஆம் ஆண்டில் வில்சன், றோர்போர்ன் என்ற இருவர், சீன, ஒத்தோமன் அரண்மனைகளின் அண்ணகர் பற்றியும், உருசியாவின் ஸ்கொப்ற்சி எனும் சமயக் குழுவினர் பற்றியும் முன்னையோர் எழுதி வைத்த மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். விதையிழப்பு நீண்டகாலத்தில் என்புக்கூட்டை மாற்றும் என்பதற்கான சான்றுகள் அப்பழைய ஏடுகளிலேயே கிடந்தன என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

2005ஆம் ஆண்டில் ஷஹினியன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு ஐயத்திற்கு இடமின்றி இவ்விடயத்தை நிலைநாட்டிற்று. 50,000இற்கு மேற்பட்ட அமெரிக்க நோயாளரின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுகளேனும் வாழ்ந்தோருள், ஓமோனை ஒடுக்குஞ் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 சதவீதத்தினருக்கு என்பு முறிவு ஏற்பட்டிருந்தது. பெறாதவர்களில் அது 12.6 சதவீதமாக இருந்தது. முதிய ஆண்களுக்கு ஏற்படும் இடுப்பென்பு முறிவு பெண்களுக்கு ஏற்படுவதிலும் கூடுதலான மரணங்களை விளைவிப்பது. எனவே இவ்வேறுபாட்டைச் சிறிய பக்க விளைவு என ஒதுக்குதற்கு இடமில்லை. புற்றுநோயிலிருந்து மீட்கப்பட்ட ஒருவர் குளியலறையில் வழுக்கி வீழ்ந்ததனால் படுக்கையிற் கிடந்து மடிவாராயின், சிகிச்சை எதனை வென்றது என்ற வினா எழவே செய்யும்.

ஆணின் என்பும் பெண்ணின் ஓமோனும்

இதே காலத்தில் அடிப்படை அறிவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆணின் என்பை ஆண் ஓமோனே காக்கின்றது என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994ஆம் ஆண்டில் எரிக் சிமித் முதலானோர் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி அறிவித்தனர். அவருடைய உடற்கலங்கள் ஈஸ்திரசனை ஏற்க முடியாத மரபணுக் குறைபாடுடையவை. ரெஸ்ரோஸ்ரெரோன் குறைவின்றி இருந்தும், 204 சென்ரிமீற்றர் உயரமுடைய அவருடைய என்புகள் வளர்ச்சி முடிவுறாமலும் நலிந்தும் இருந்தன. 2000ஆம் ஆண்டில் மேயோ மருத்துவ நிலையத்தார் முதிய ஆண்களில் இரு ஓமோன்களையும் ஒடுக்கி, ஒவ்வொன்றாக மீளக் கொடுத்து, என்புச் சிதைவைத் தடுப்பதிற் பெரும்பங்கு ஈஸ்திரசனுக்கே உரியது என நிறுவினர். பெண்ணுக்குரியது எனப் பெயரிடப்பட்ட ஓமோன் ஆணின் என்பைத் தாங்கி நின்றமை, 1941இன் இரு கண்டுபிடிப்புகளும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பதைத் தெளிவுபடுத்திற்று.

காவல் முறைகளின் தோற்றம்

காவலுக்கான மருந்துகள் வேறு நோக்கங்களுக்காகவே முன்னர் ஆக்கப்பட்டவை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹேர்பேட் ஃபிளைஷ் முதலானோர் 1960களில் ஆராய்ந்த பிஸ்பொஸ்பனேற்றுச் சேர்வைகள் என்பைச் சிதைக்கும் கலங்களை அடக்க வல்லவை. 2001ஆம் ஆண்டில் பொஸ்ரனைச் சேர்ந்த மத்தியூ சிமித் முதலானோர், லூப்றொலைட் மட்டும் பெற்றோரின் முள்ளந்தண்டு அடர்த்தி 48 வாரங்களில் 3.3 சதவீதம் குறைந்ததையும், பமிட்ரொனேற்று எனும் மருந்தையும் பெற்றோரிடம் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படாததையும் காட்டினர். ஓல்பிறைற் பணியாற்றிய அதே வைத்தியசாலையிலிருந்து இவ்வாய்வு வெளிவந்தமை வரலாற்றின் இனிய ஒற்றுமை. 2003ஆம் ஆண்டில் சோலெட்ரோனிக் அமிலம் அடர்த்தியை 5.6 சதவீதம் உயர்த்தியமையும், அதனைப் பெறாதோரிடம் 2.2 சதவீதம் குறைந்தமையும் அறியப்பட்டன.

எனினும் அடர்த்தி உயர்தல் வேறு, முறிவு குறைதல் வேறு. முறிவைக் குறைக்கும் சான்று 2009ஆம் ஆண்டில் வந்தது. டெனோசுமப் எனும் எதிருடல் மருந்தை ஆறு மாதங்களுக்கொரு முறை 60 மில்லிகிராம் வீதம் ஊசி வழியாகச் செலுத்திய ஆய்வில் 1,468 ஆண்கள் பங்குபற்றினர். மூன்றாண்டின் இறுதியில் முள்ளந்தண்டிற் புதிய முறிவுகள் மருந்து பெற்றோரில் 1.5 சதவீதமாகவும், பெறாதோரில் 3.9 சதவீதமாகவும் இருந்தன. இவ்வாய்வில் இரு சாராரும் கல்சியத்தையும் விற்றமின் டீயையும் உட்கொண்டனர். அவ்வாறிருந்தும் டெனோசுமப் பெறாதோரின் என்பு அடர்த்தி இரண்டாண்டில் 1.0 சதவீதம் குறைந்தது. கல்சியமும் விற்றமின் டீயும் தேவையானவை. ஆயின் அவை மட்டும் போதா என்பதே இதன் பொருள்.

இம்மருந்துகளுக்கும் தீங்குகள் உள. தாடையென்பு அழுகல் எனும் அரிய சிக்கல் 2003ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டது. எனவே சிகிச்சை தொடங்கு முன் பற்களைச் சோதித்துச் சீர்செய்தல் வழக்கமாயிற்று. டெனோசுமப்பைத் திடீரென நிறுத்தினால் என்பு விரைந்து நலிந்து முள்ளந்தண்டு முறியக் கூடும் என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆதலால் மருத்துவர் ஆலோசனையின்றி அதனை நிறுத்தலாகாது. சிகிச்சையின் தொடக்கத்திலே அடர்த்தியை அளத்தல், முறிவின் வாய்ப்பைக் கணித்தல், புகையையும் மதுவையும் விலக்குதல், உடற்பயிற்சியால் தசைகளை வலுப்படுத்தல், வீழ்ந்துவிடாதபடி வீட்டைச் செப்பனிடுதல் ஆகியன இன்று வலியுறுத்தப்படுகின்றன. முறிவு வாய்ப்பு மிகுந்தவருக்கே மருந்து கொடுக்கப்படுகின்றது.

மீண்டும் மறதி

ஒரு பாடம் ஒரு முறை கற்கப்பட்டால் என்றும் நிலைக்கும் என்பதற்கில்லை. என்பிற்குப் பரவிய நோய்க்கு அபிறற்றரோன் எனும் புதிய மருந்தோடு கதிரியக்க றேடியம் 223ஐயுஞ் சேர்த்துக் கொடுத்த ஆய்வொன்று 2017ஆம் ஆண்டிலே முன்னதாக வெளிப்படுத்தப்பட வேண்டியதாயிற்று. இரண்டையும் பெற்றோரில் 29 சதவீதத்தினருக்கும், அபிறற்றரோனோடு வெறும் போலி மருந்து பெற்றோரில் 11 சதவீதத்தினருக்கும் என்பு முறிந்தமையே காரணம். இதன் பின்னர் மற்றோர் ஆய்வில் என்புக் காப்பு மருந்து கட்டாயமாக்கப்பட்டபோது முறிவுகள் மிக அருகின. புற்றுநோயை வெல்லும் ஆர்வத்தில் என்பை மறக்கும் பழைய வழக்கம் எண்பது ஆண்டுகளின் பின்னும் மறையவில்லை. அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்தோர், ஓமோன் சிகிச்சை பெறுவோருள் பத்தில் ஒரு பங்கினருக்குங் குறைவானோருக்கே என்பு அடர்த்தி அளக்கப்பட்டதைக் கண்டுள்ளனர். கருவி உண்டு, மருந்து உண்டு, வழிகாட்டலும் உண்டு. அளவிடும்படி பணிக்கும் பொறுப்பு எவருடையது என்பதே தீராத வினாவாக உள்ளது.

வரலாற்றின் சக்கரம் மற்றொரு வகையிலுஞ் சுழன்றுள்ளது. ஈஸ்திரசனை வாய்வழி உட்கொண்டால் அது முதலில் ஈரலை அடைந்து குருதி உறைதலைத் தூண்டுகின்றது. தோலில் ஒட்டும் பட்டை வழியாகக் கொடுத்தால் அத்தீங்கு பெரிதுந் தவிர்க்கப்படுகின்றது. இவ்வடிப்படையில் பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. பட்டை பெற்றோரின் என்பு அடர்த்தி குறைவதற்குப் பதிலாக உயர்ந்தமை 2016ஆம் ஆண்டிலும், இதய நோய் மிகவில்லை என்பது 2021ஆம் ஆண்டிலும் வெளியாயின. 1967இன் ஆய்வு முடிவுகளின் பின்னர் படிப்படியாக வழக்கு அருகிய ஈஸ்திரசன் வேறு வழியால் மீண்டும் நோயாளரிடம் வந்துள்ளது.

முடிவுரை

இவ்வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. ஒரு விளைவு இருப்பதும் அது காணப்படுவதும் ஒன்றல்ல. காண்பதற்கு நோயாளர் வாழ்ந்திருக்க வேண்டும், கருவி வேண்டும், கேட்பதற்கு ஒரு வினாவும் வேண்டும். அறிவு துறைகளாகப் பிரிக்கப்படும்போது அத்துறைகளின் எல்லைக் கோட்டிற் கிடக்கும் உண்மைகள் எவருக்கும் உரியனவாகா. ஒரு நோயை ஒரு பாலாருக்கு உரியதாக வரையறுத்தல் மறுபாலாரின் துன்பத்தை மறைத்துவிடக் கூடும்.

ஹகின்சின் பெருமையை இவை குறைப்பனவல்ல. அவருடைய நோயாளர் வலியின்றிச் சில காலம் வாழ்ந்தமை அன்றைய நிலையில் ஒப்பற்ற பேறு. ஆயின் சிகிச்சை வெற்றி பெற்று ஆயுள் நீளுந்தோறும், மருத்துவத்தின் கடமையும் உடன் நீளுகின்றது. புற்றுநோய் அடங்கியதா என்று கேட்கும் மருத்துவர், அந்நோயாளி விழாமல் நடக்கின்றாரா என்றும் கேட்டல் வேண்டும். 1941ஆம் ஆண்டிலேயே இரு கட்டுரைகளைச் சேர்த்துப் படித்திருந்தால் எழுந்திருக்கக் கூடிய இவ்வினா, இன்றும் எல்லா நோயாளரிடமும் கேட்கப்படவில்லை என்பதே இவ்வரலாறு விட்டுச் செல்லுங் கவலையாகும்.